டிரெயின் பிளக்கில் வெள்ளை மார்க்

1. அட்டை

எங்கள் கம்பெனி கேட்டில் ஒரு வழக்கம் உண்டு. வெளி வண்டி எது உள்ளே வந்து நின்றாலும், சேஃப்டி ஆள் ஒருவர் பழைய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து எஞ்சினுக்கு அடியில் தள்ளிவிடுவார். வண்டி கிளம்பும்போது அட்டையை இழுத்துப் பார்ப்பார். ஆயில் கறை இருந்தால் முதல் முறை எச்சரிக்கை. அடுத்த முறை கேட் பாஸைப் பிடுங்கிக்கொள்வார்கள். பாஸ் போனால் அந்த வண்டிக்கு எங்கள் கம்பெனியில் வேலை இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை அட்டையில் கறை விழுந்தது. அது எங்கள் வேன்.

நான் ஒரகடத்தில் கார் எஞ்சின் செய்யும் தொழிற்சாலையில் டீம் லீடர். பெயர் அமுதா. ஆபரேட்டராகச் சேர்ந்து, போல்ட் டைட் பண்ணும் ஸ்டேஷனில் பல வருஷம் நின்று, இப்போது அந்த லைனையே பார்த்துக்கொள்கிறேன். என் வீட்டுக்காரர் தனசேகர் வேன் ஓட்டுகிறார். சுங்குவார்சத்திரம் ஹாஸ்டல்களில் தங்கியிருக்கும் பெண் பிள்ளைகளை ஷிப்டுக்குக் கூட்டிவந்து விடுவதும் திரும்பக் கூட்டிப்போவதும் அவர் வேலை. நானும் அதே வேனில்தான் போய் வருகிறேன்.

சேஃப்டி ஆபீசர் மணிமாறன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கறாரான ஆள், ஆனால் கத்த மாட்டார். அட்டையை இரண்டு கையாலும் தூக்கி என் வீட்டுக்காரர் முகத்துக்கு நேராகக் காட்டினார்.

“அண்ணே, இதப் பாருங்க. திங்கக்கிழமை காலைல ஒரு சொட்டு கெடந்தாலும் பாஸை வாங்கி வச்சிருவேன், பாத்துக்கிடுங்க. என்னைய மேல உள்ளவங்க கேப்பாங்கல்லா?”

என் வீட்டுக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். வேனிலிருந்து இறங்கிய பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு மணிமாறன் மேல் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். ஆனால் இவர் தலையாட்டிய விதம் எனக்குப் பொறுக்கவில்லை.

காரணம் சொல்கிறேன். இவரும் ஒரு காலத்தில் கார் கம்பெனிக்காரர்தான். இந்தப் பக்கத்து ஆலை ஒன்றில் கடைசி இன்ஸ்பெக்‌ஷனில் செக்கராக இருந்தார். இவர் வெள்ளை மார்க் போடாமல் அந்த லைனிலிருந்து ஒரு வண்டியும் வெளியே போகாது. அந்த ஆலை மூடப்பட்டது. அதற்கப்புறம் வெகு நாள், ஏ ஷிப்ட், அதாவது காலை முதல் ஷிப்ட் நேரத்துக்கே எழுந்து ஷேவ் பண்ணிக்கொண்டு, போக இடம் இல்லாமல் தெருமுனை வரை நடந்துவிட்டுத் திரும்பி வருவார். இந்த வேன் வந்த பிறகுதான் மனுஷர் வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அதனால் அந்த கேட் பாஸ் எனக்கு வெறும் பிளாஸ்டிக் அட்டை இல்லை. திங்கட்கிழமை அதை யாரும் பிடுங்க விடுவதில்லை என்று லைனுக்குப் போகும் வழியிலேயே முடிவு பண்ணிவிட்டேன்.

2. ஆளுக்கொரு வைத்தியம்

லீக் புதிதாக வந்தது இல்லை. ஆயில் மாற்றிய நாளிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆயிலை மாற்றியது இவரேதான். வேனுக்கு வேறு யாரையும் கைவைக்க விட மாட்டார். லீக் தெரிந்ததும் ஃபில்டரை மாற்றிப் பார்த்தார். நிற்கவில்லை. எஞ்சினுக்கு மேல்மூடியான டேப்பெட் கவரின் பேக்கிங்கை மாற்றினார். அதற்கும் நிற்கவில்லை.

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் சுங்குவார்சத்திரத்தில் மெக்கானிக்கிடம் காட்டினோம். அவர் குனிந்து பார்த்துவிட்டு, துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “எஞ்சின் பின்னாடி சீல் போயிருக்கும் தலைவா. எறக்கித்தான் பாக்கணும். நாளைக்குக் கடை லீவு. திங்கக்கிழமை வுடு, ரெண்டு நாள்ல தரேன்.”

திங்கட்கிழமையே வேன் இல்லை என்றால் எங்கள் வேனை இந்த வேலைக்கு அமர்த்தியிருக்கும் டிராவல்ஸ்காரர் வேறு வண்டியை அனுப்பிவிடுவார். வந்த வண்டி திரும்பிப் போகாது என்பது இந்த ரோட்டில் எல்லாருக்கும் தெரியும்.

டீக்கடையில் இன்னொரு வேன்காரர் சிரித்துக்கொண்டே ஒரு வைத்தியம் சொன்னார். “துணி சோப்ப நல்லா கொழச்சி அப்பு தனா. எங்கப்பா பெட்ரோல் டேங்குக்கே அதான் பண்ணுவாரு.”

“எஞ்சின் சூட்டுல சோப்பு நுரை வரும். நாங்க இன்னா, ரோட்டக் கழுவிகினே போறதா?” என்றேன். அவர் டீயைக் குடித்துவிட்டு நழுவிவிட்டார்.

இவர் வீட்டுக்கு வந்ததும், “வுடு அமுதா, பாஸ் போனா போட்டும். வேற கம்பெனிக்கு ஓட்டிக்கலாம்” என்றார். வேறு கம்பெனி எதுவும் இல்லை. அது அவருக்கும் தெரியும்.

எங்கள் லைனில் சுவருக்குச் சுவர் மூன்று வார்த்தை எழுதி வைத்திருப்பார்கள்: ஸ்டாப், கால், வெயிட். ஏதாவது தப்பாகத் தெரிந்தால் நிறுத்து, கூப்பிடு, காத்திரு. என் வீட்டுக்காரர் முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் பிரமாதமாகச் செய்துகொண்டிருந்தார்.

3. பவுடர்

ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் முடிந்ததும் வேனை வாசலில் சமதரையில் நிறுத்தச் சொன்னேன். எஞ்சின் நன்றாக ஆறியிருந்தது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கியரில் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் ஹாலோ பிளாக் கல் வைத்தேன். ஜாக்கி வைத்துத் தூக்கிய வண்டிக்கு அடியில் படுப்பது என்பது கிணற்று விளிம்பில் தூங்குவது மாதிரி. நான் யாரையும் அப்படிப் படுக்க விட மாட்டேன். நல்லவேளையாக வேனுக்கு அடியில் ஜாக்கி இல்லாமலேயே ஓர் ஆள் நுழைய இடம் இருந்தது. தெருவில் யாரோ வீட்டுக் காதணி விழாவுக்கு வைத்திருந்த பழைய ஃபிளெக்ஸ் பேனர் கிடைத்தது. அதை விரித்தேன். சுடிதார் மேல் இவருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

“இன்னா பண்ற நீ? நாலு பேரு பாக்கறாங்க, எழுந்து வா” என்றார்.

“நாலு பேர்ல ஒருத்தர் வந்து படுக்கட்டும். நான் எழுந்துக்கறேன்.”

யாரும் வரவில்லை.

அடியில் எல்லாம் ஒரே கறுப்பு. சம்ப், அதாவது எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி, முழுக்க எண்ணெயும் மண்ணுமாக அப்பியிருந்தது. சம்பின் அடிப்பாகத்தில்தான் டிரெயின் பிளக் இருக்கும். ஆயிலை வெளியே விடத் திருகும் தடித்த போல்ட் அது. சொட்டு அதன் நுனியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அதை வைத்து மட்டும் பிளக்கைக் குற்றம் சொல்ல முடியாது. எண்ணெய் எங்கே கசிந்தாலும் கடைசியில் தாழ்வான இடத்துக்குத்தான் வந்து சேரும். ஃபில்டரும் பேக்கிங்கும் மாற்றியதற்கு இவர் சொன்ன காரணமும் அதுதான். காரணம் தப்பில்லை.

டீசல் நனைத்த துணியால் மேலிருந்து கீழ்வரை துடைத்தேன். பிறகு காய்ந்த துணியால் ஈரம் போகத் துடைத்தேன். எங்கள் மகள் படிக்க ஹாஸ்டலுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன முகப் பவுடர் டப்பாவை எடுத்து, சம்ப் முழுவதும் தட்டி வெள்ளையாக்கினேன். எங்கள் கம்பெனியில் இதற்கென்று ஸ்பிரே உண்டு. வேலை ஒன்றுதான். வெளியே வந்து, “ஸ்டார்ட் பண்ணுங்க” என்றேன். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, எஞ்சினை நிறுத்திய பிறகு மறுபடி டார்ச்சோடு உள்ளே போனேன்.

மேலே எல்லாம் பவுடர் அப்படியே இருந்தது. பின் சீல் பக்கமும் சொட்டு ஈரம் இல்லை. டிரெயின் பிளக்கைச் சுற்றி மட்டும் ஒரு கறுப்பு வளையம், கண் மை இட்டது போல.

“பிளக்தாங்க!” என்று கத்தினேன்.

“பிளக்கா இருக்காது. நல்லா பாரு.”

“ஏன் இருக்காது?”

“நான் மார்க் போட்டிருக்கேன்.”

4. ஒரே கை

டார்ச்சைத் திருப்பினேன். அழுக்குக்கு அடியில் அது தெரிந்தது. பிளக்கின் தலையிலிருந்து சம்ப் வரை நேராக ஒரு வெள்ளைக் கோடு. துளிகூட விலகவில்லை.

மார்க் என்றால் என்ன என்று வெளியாட்களுக்குச் சொல்லவேண்டும். லைனில் போல்ட்டை டைட் பண்ணியவர் அதன்மேல் மஞ்சள் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போடுவார். ‘நான் டைட் பண்ணிவிட்டேன்’ என்று அதற்கு அர்த்தம். அடுத்து வருகிற செக்கர் சரிபார்த்துவிட்டுப் பக்கத்தில் வெள்ளைக் கோடு போடுவார். ‘நான் பார்த்துவிட்டேன், சரி’ என்று அர்த்தம். வெள்ளை விழுந்த போல்ட்டை யாரும் சும்மா தொடக்கூடாது. தொடவேண்டி வந்தால் மார்க் போட்டவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் தொடவேண்டும். இந்தப் பழக்கம் எங்கள் கண்ணிலேயே ஊறிப்போயிருக்கிறது. வெள்ளையைப் பார்த்தால் கண் தானாக அடுத்த போல்ட்டுக்குப் போய்விடும். அதனால்தான் இவர் எஞ்சின் முழுவதும் தேடியும் பிளக்கை மட்டும் ஒதுக்கிவிட்டார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

இவருடைய ஆலை மூடியபோது சட்டைப் பையோடு வந்துவிட்டது ஒரு வெள்ளை மார்க்கர். அது காய்ந்தால் அதே மாதிரி இன்னொன்று வாங்கி, வேனில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். ஆயில் மாற்றியதும் பிளக்கில் வெள்ளை போட்டிருக்கிறார்.

எனக்கு உறைத்தது அப்போதுதான். வெள்ளை இருக்கிறது. மஞ்சளைக் காணோம்.

வெளியே வந்து உட்கார்ந்தேன். இவர் வேனில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

“டைட் பண்ணது யாரு?”

“நாந்தான்.”

“செக் பண்ணது?”

“நாந்தான். இன்னா இப்ப?”

“டைட் பண்ணவரே வெள்ளையும் போட்டா, உங்க லைன்ல ஒத்துக்குவீங்களா?”

அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எத்தனை பேரை இதற்காகவே திட்டியிருப்பார்.

“உங்க மார்க்க ஒடைக்கப் போறேன். ரூல்படி உங்களக் கூப்ட்டு சொல்லிட்டேன்” என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. ஆலையும் போய், அந்த வெள்ளைக் கோடும் தப்பு என்றால் மனுஷருக்கு மிச்சம் என்ன என்று நினைத்தேன். விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் விட்டால் திங்கட்கிழமை மணிமாறன் விட மாட்டார். நான் கையை நீட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் இவரே டூல் பாக்ஸைத் திறந்து ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒன்று சொன்னார்.

“கழட்டாம டைட் மட்டும் பண்ணிப் பாரேன். இன்னும் ஒரு இழு இழுத்தா நின்னுடும்.”

லீக் என்றால் இன்னும் டைட் பண்ணு என்பதுதான் ஊர் வைத்தியம். சம்ப் மரை அலுமினியம். ஒரு இழு அதிகமானால் மரை உரிந்து கையோடு வந்துவிடும். பிறகு சம்பையே மாற்றவேண்டும். கோடு விலகாமல் இருக்கும்போதே கசிகிறது என்றால் பிளக் லூஸாகவில்லை, உட்காரும் இடத்தில்தான் ஏதோ கோளாறு என்று அர்த்தம். கழற்றித்தான் பார்க்கவேண்டும் என்றேன்.

5. படிக்கட்டு

ஆயில் புதிது. வீணாக்க மனசு வரவில்லை. நன்றாகக் கழுவித் துடைத்து வெயிலில் காயவைத்த டப்பை அடியில் வைத்து, பிளக்கைக் கழற்றி ஆயிலை அதில் பிடித்தேன். தூசி விழாமல் மூடி வைத்தேன். பிளக்கோடு ஒரு செம்பு வாஷர் வந்தது. போல்ட்டுக்கும் சம்ப்புக்கும் நடுவே நசுங்கி உட்கார்ந்து எண்ணெயை அடைப்பது அதுதான். பார்க்கப் புதிது போலவே இருந்தது.

“நான் புதுசுதான் போட்டேன். பாத்தியா?” என்றார் இவர் குனிந்து.

நான் சம்ப் ஓட்டையைச் சுற்றி விரலால் தடவினேன். மழமழ என்று இருக்கவேண்டிய இடத்தில் நகத்துக்கு ஏதோ தட்டியது. மெல்லிய படிக்கட்டு மாதிரி. துடைத்துவிட்டுத் திரும்பத் தடவினேன். அப்போதும் தட்டியது. பழைய ஏடிஎம் கார்டின் முனையை உள்ளே கொடுத்து, கீறல் விழாமல் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினேன். கறுப்பு வளையம் ஒன்று கழன்று ஃபிளெக்ஸில், படத்தில் இருந்த காது குத்திய குழந்தையின் கன்னத்தில், விழுந்தது.

இன்னொரு வாஷர். முந்தின தடவை போட்டது. சம்போடு சம்பாக ஒட்டிக்கொண்டு நிறமும் ஒன்றாகிப்போனதால் யார் கண்ணுக்கும் தெரியாது. அதற்கு மேலேயே புதிதைப் போட்டு டைட் பண்ணியிருக்கிறார். பழையதில் விழுந்திருந்த பள்ளம் வழியாக எண்ணெய் தன் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

வெளியே வந்து இரண்டையும் அவர் உள்ளங்கையில் வைத்தேன். வெகு நேரம் புரட்டிப் பார்த்தார்.

“ரெண்டு வாஷர்” என்றார். “என் லைன்ல எவனாவது இப்படிப் பண்ணியிருந்தா அவன நான் இன்னா பண்ணியிருப்பேன் தெரியுமா?”

“தெரியும். இப்ப ஸ்ரீபெரும்புதூர் போயி ஒரு புது வாஷர் வாங்கினு வாங்க. அதே சைஸ், ஒண்ணு போதும்.”

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. அடக்கிக்கொண்டு பைக்கை எடுத்தார்.

6. பழைய இரும்புக் கடைத் தராசு

வாஷர் வந்தது. இப்போது என் பக்கம் ஒரு சிக்கல். எத்தனை ஆயிரம் போல்ட் என் ஸ்டேஷனில் டைட் ஆகியிருக்கும்! ஆனால் ஒன்றைக்கூட என் கை டைட் பண்ணியது இல்லை. போல்ட் முறுக்கும் கருவியான கன்தான் பண்ணும். சரியாக இருந்தால் பச்சை விளக்கு, ஓகே. இல்லையென்றால் சிவப்பு, என்ஜி, அதாவது ‘நாட் குட்’. எங்கள் வீட்டில் உப்புக் கூடிய சாம்பாருக்குக்கூட என்ஜி என்றுதான் பெயர். வாசலில் படுத்துக்கொண்டு பச்சை விளக்குக்கு எங்கே போவது?

“கை பதத்துல டைட் பண்ணு” என்றார்.

“என் கைக்குப் பதம் இட்லி மாவுலதான் தெரியும்.”

டிரெயினிங் ரூமில் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. டார்க், அதாவது முறுக்குவிசை என்பது வேறொன்றும் இல்லை. ஸ்பேனரின் நீளத்தையும் அதன் முனையில் இழுக்கும் பலத்தையும் பெருக்கினால் வருவது. பிளக்குக்கு எவ்வளவு டார்க் என்று வண்டி மேனுவலில் போட்டிருந்தது. ஸ்பேனர் நீளத்தை டேப் வைத்து அளந்தேன். முனையில் எத்தனை கிலோ இழுக்கவேண்டும் என்று போனில் கணக்குப் போட்டேன். அடுத்த தெருப் பழைய இரும்புக் கடையில், பேப்பர் கட்டைக் கொக்கியில் மாட்டி எடை பார்க்கும் கைத்தராசு இருந்தது. அதை இரவல் வாங்கி வந்தேன்.

பிளக்கில் ஒரே ஒரு வாஷர். முதலில் மரை ஏறுகிறதா என்று வெறும் விரலாலேயே கடைசி வரை திருகினேன். பிறகு ஸ்பேனரை மாட்டி, அதன் முனையில் தராசுக் கொக்கியை மாட்டினேன். சாய்த்து இழுத்தால் கணக்குத் தப்பிவிடும். ஸ்பேனருக்கு நேர் குறுக்காக இழுக்கவேண்டும். இழுக்கிற எனக்குத் தராசு எண் தெரியவில்லை. இவர் ஃபிளெக்ஸில் என் பக்கத்தில் வந்து குப்புறப் படுத்தார். நாலு பேர் பார்ப்பதெல்லாம் மறந்துபோயிற்று.

“இழு... இன்னும்... இன்னும் கொஞ்சம்... நிறுத்து! நிறுத்து!”

நிறுத்தினேன்.

“ஓகே” என்றார். ஆலை மூடிய பிறகு அந்தக் குரலை அன்றைக்குத்தான் கேட்டேன்.

டப்பிலிருந்த ஆயிலைத் துணியில் வடிகட்டி ஊற்றி, குறைந்ததற்குப் புது ஆயில் சேர்த்து, ஸ்டிக்கை விட்டு அளவு பார்த்தோம். மஞ்சள் மார்க்கர் இல்லை. மகளின் ரோஸ் நிற நெய்ல் பாலிஷால் பிளக்கின் குறுக்கே ஒரு கோடு போட்டேன். இவர் பழக்க தோஷத்தில் சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்து வெள்ளை மார்க்கரை எடுத்து, மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

“நான் போடக்கூடாது. டைட் பண்ணது நானு. செக்கர் நீங்க. ஓட்டிப் பாத்து, திருப்திப்பட்டா போடுங்க. இல்லன்னா போடாதீங்க.”

மார்க்கரை மூடாமலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். வெள்ளை போடவில்லை.

7. திங்கட்கிழமை

காலையில் பிள்ளைகளோடு கேட்டுக்குள் போனோம். மணிமாறன் புது அட்டையாகப் பார்த்து எடுத்து, கால் பெருவிரலால் வேனுக்கு அடியில் தள்ளினார். நான் நிற்க முடியாது, லைன் ஓடிக்கொண்டிருந்தது. போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஷிப்ட் முடியும் வரை என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. அன்றைக்கு என்னிடம் பேசிய எல்லாரும் திட்டு வாங்கினார்கள்.

பாஸ் போயிருந்தால் வேன் வெளியே ரோட்டில்தான் நிற்கும். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது முதலில் ரோட்டைப் பார்த்தேன். இல்லை. பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்தேன். உள்ளே, தன் இடத்தில், வேன் நின்றது. கண் கலங்கிவிட்டது. பிள்ளைகள் பார்ப்பதற்குள் துடைத்துக்கொண்டேன்.

இவர் காலையில் வைத்த அட்டையை மடித்து சீட்டில் வைத்திருந்தார். பிரித்துக் காட்டினார். ஒரு புள்ளி இல்லை.

“மணிமாறன் இன்னா சொன்னாரு?”

“‘எங்க காட்டுனிய?’ன்னாரு. வூட்லயே ஒரு டீம் லீடரு கீறாங்கன்னேன்.”

நான் யூனிஃபார்மோடு குனிந்து போனின் டார்ச்சை அடியில் அடித்தேன். ரோஸ் கோட்டுக்குப் பக்கத்தில், அதன்மேல் படாமல், அதே நீளத்துக்கு, வெள்ளையாக ஒரு கோடு இருந்தது.

புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது உண்டு: “ஏன்க்கா, நான் நல்லாத்தானே டைட் பண்றேன், வெள்ளையும் நானே போட்டா இன்னா?” தன் முதுகு தனக்குத் தெரியாது என்று அவர்களுக்குச் சொல்லுவேன். வேலை தெரியாதவருக்கு மட்டுமான சட்டம் இல்லை அது. நன்றாகத் தெரிந்தவருக்குத்தான் அது அதிகம் வேண்டும், ஏனென்றால் அவர் போட்ட மார்க்கை மற்றவர்களோடு சேர்ந்து அவரும் நம்பிவிடுவார்.

எங்கள் வேனுக்கு இப்போதும் ஆயில் மாற்றுவது இவர்தான். கழற்றிய பழைய வாஷரைத் துடைத்து வாசற்படியில் என் கண்ணில் படும்படி வைத்துவிடுவார். பிறகு டைட் பண்ணி, ரோஸ் கோடு போட்டுவிட்டு அடியிலிருந்தே குரல் கொடுப்பார்.

“அமுதா, வந்து வெள்ளை போடு.”

“வாஷர் ஒண்ணுதானே?”

“என்னக் கேக்காத. நீ வந்து பாரு.”